ஆஜோபாவுக்கு எதிரே ஓர் இரவு

ஓய்வுக்குப் பின் கோவில், மருந்துக்கடை, பேரனின் வீடியோ அழைப்பு. இதற்கு வெளியே ஒரு நாள் போய்வர வடாலாத் தம்பதி ஒன்று தேர்ந்தெடுத்தது சஹ்யாத்ரியின் இருண்ட பிளவு ஒன்றை.

சாம்ராத் கிராமத்தின் கடைசி வயலைத் தாண்டி நடப்பவர்களுக்கு முன்னறிவிப்பு எதுவும் கிடைப்பதில்லை. அறுவடை முடிந்த நெல்தாள், அதில் மேயும் நாலைந்து மாடுகள், கொஞ்சம் புதர், ஒரு சரிவான ஒற்றையடிப் பாதை. பிறகு தரை திடீரென்று இரண்டாகப் பிளக்கிறது. கத்தியால் கீறியதுபோன்ற பிளவு. இரண்டு பக்கமும் கறுப்புப் பாறைச் சுவர்கள் 200 அடிக்கு மேல் செங்குத்தாக நிற்க, நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி இடைவெளியில், சில இடங்களில் அதைவிடவும் குறுகி, ஏறக்குறைய 2 கி.மீ. தூரம் மேற்கே கொங்கண் பக்கமாக இறங்குகிறது சாந்தண் தரி. மராத்தியில் ‘தரி’ என்றால் பள்ளத்தாக்கு. மலையேறும் இளைஞர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘நிழல் பள்ளத்தாக்கு’. உச்சி வேளையில் சிறிது நேரம் தவிர அடித்தரையில் வெயில் படுவதில்லை என்பதால் வந்த பெயர்.

ஆந்திரத்தின் கண்டிக்கோட்டையில் பெண்ணாறு அறுத்துவைத்திருக்கும் பள்ளத்தைப் பார்க்கப் போகிறவர்கள் கோட்டை ஓரத்தில் நின்று கீழே பார்த்துவிட்டு, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடலாம். அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்குச் செல்லும் கூட்டத்தில் பெரும்பகுதியும் மேலிருந்து பார்ப்பதோடு சரி. சாந்தண் அப்படி இடம் கொடுக்காது. உள்ளே இறங்கினால்தான் தரிசனம்.

ஜனவரி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், காலை 11 மணிக்கு அதன் வாயில் நின்றுகொண்டிருந்தார்கள் வடாலாவிலிருந்து வந்த அந்தக் கணவனும் மனைவியும். அவருக்கு வயது 67. மும்பைத் துறைமுகத்தின் கணக்குப் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவிக்கு 63. மாநகராட்சியின் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியை. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் என்றாலும் இருவரும் வாழ்ந்ததெல்லாம் வடாலாவிலேயே. புடவையைத் தவிர வேறு உடுத்தியறியாத டீச்சர் அன்று மருமகளின் டிராக் பேண்ட்டும் தொளதொளவென்று ஒரு முழுக்கைச் சட்டையுமாக நின்றார். தாலிக்கொடியைச் சட்டைக்குள் ஊக்கு போட்டு மாட்டியிருந்தார். “என்னைப் பார்த்தா எனக்கே சிரிப்பு வருது” என்றார் கணவரிடம். அவர் சிரிக்கவில்லை. பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்த்ததற்குக் காரணம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய இதயத்தில் ஒரு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். டீச்சரின் இடது முழங்கால் மாடிப்படி கண்டால் முனகும். இருவரில் யாருக்கு இந்தப் பயணம் அதிக ஆபத்து என்பதில் வீட்டில் பல நாள் வாதம் நடந்து, தீர்ப்பு சொல்லப்படாமலே கிளம்பியிருந்தார்கள்.

வடாலாவைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் லாரி நிலையமும், ரயிலில் கேட்கும் அறிவிப்பும்தான். உள்ளே வாழ்கிறவர்களுக்கு அது மும்பையின் ஆச்சரியமான பச்சைப் பகுதிகளில் ஒன்று. மாட்டுங்காவை ஒட்டிய ஐந்து பூங்காக்கள், பார்சி காலனியின் மரநிழல், ஆஷாட ஏகாதசியன்று பண்டரிபுரம் போக முடியாதவர்கள் கூடும் விட்டல் கோவில். ஒரு ரயில் நிலையம் தள்ளியிருக்கும் சிவ்டியில் இறங்கி நடந்தால், குளிர்காலம் முதல் கோடை வரை சேற்றுப் பரப்பில் ஆயிரக்கணக்கில் பூநாரைகள் நிற்கும். துறைமுகத்தில் இருந்தவரைக்கும் அந்தப் பறவைகளை நிமிர்ந்துகூடப் பார்க்காதவர், ஸ்டென்ட் வைத்த டாக்டர் ‘தினம் நடங்கள்’ என்று சொன்ன பிறகு ஐந்து பூங்காக்களைச் சுற்ற ஆரம்பித்து, அது அலுத்து, சிவ்டிக்குப் போனார். அடுத்தது போரிவலி தேசியப் பூங்காவில் கன்ஹேரிக் குகைகள். ஒவ்வொன்றுக்கும் மனைவி கூடவே போனார். முதலில் காவலுக்கு. பிறகு அவருக்கே பிடித்துப்போய்.

மும்பைத் தமிழர்களில் ஓய்வு பெற்றவர்களின் பயணம் என்றால் பெரும்பாலும் மூன்றே திசை: ஷீர்டி, பண்டரிபுரம், சொந்த ஊர்க் கொடை. மலையும் பள்ளமும் கல்லூரிப் பிள்ளைகளுக்கு. இந்த வழக்கத்தை மீறுவதென்றால் பிள்ளைகளிடம் அனுமதி வாங்குவதுதான் மலையேறுவதைவிடக் கடினம். வெளிநாட்டில் இருக்கும் மகனிடம் டீச்சர் சொன்னது, “ரெண்டு நாள் ஷீர்டி போயிட்டு வர்றோம்பா.” வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்ன மாணவர்களை முட்டிபோட வைத்தவர். ஆனால், கணக்குப் பிரிவுக்காரரான கணவருக்கு இதில் குற்ற உணர்வு இல்லை. ஷீர்டியும் சாம்ராத்தும் ஒரே மாவட்டம்தான் என்பது அவர் வாதம். அது உண்மையும்கூட. அகமதுநகர் என்று இருந்து 2024-ல் அஹில்யாநகர் என்று பெயர் மாறிய மாவட்டத்தின் ஒரு கோடியில் சாய்பாபா, மறு கோடியில் சாந்தண்.

போகும் வழி சிக்கலானதல்ல. விடிவதற்கு முன் வடாலா ரோடில் ஹார்பர் லைன் வண்டியைப் பிடித்து குர்லாவில் இறங்கி, மெயின் லைனில் காசாரா லோக்கலுக்கு மாற வேண்டும். கல்யாணைத் தாண்டினால் பெட்டி காலியாகிவிடும். கால் நீட்டி உட்காரலாம். மும்பை புறநகர் ரயில் அந்தத் திசையில் ஓடும் கடைசி நிலையம் காசாரா. அதற்கு மேல் தால் கணவாய். 1865-ல் ஆங்கிலேயர்கள் இந்தக் கணவாயில் ரயில் பாதை போட்டு முடித்தபோது வைத்த சரிவு 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இன்றும் நீண்ட தூர ரயில்கள் காசாராவில் நின்று, பின்னால் தள்ளுவதற்குக் கூடுதல் இன்ஜின் மாட்டிக்கொண்டுதான் ஏறுகின்றன. பின்னாலிருந்து ஒருவர் தள்ள வேண்டியிருப்பதில் ரயிலுக்கே வெட்கமில்லை என்று டீச்சர் கணவரிடம் சொன்னதாகக் கேள்வி.

காசாராவில் வடா பாவும் டீயும். அங்கிருந்து ஜீப்பில் இகத்புரி, கோட்டி வழியாக பண்டார்தரா. சாலையின் ஒரு பக்கம் மகாராஷ்டிரத்தின் மிக உயர்ந்த சிகரமான கல்சூபாய், 1,646 மீட்டர், கூடவே வரும். பிரவரா நதியை மறித்து ஆங்கிலேயர்கள் 1926-ல் முடித்த வில்சன் அணையின் நீர்த்தேக்கத்தை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு போனால், எதிரே ரத்தன்கட் கோட்டை. அதன் உச்சிப் பாறையில் ஊசிக்காது போல ஒரு துளை, சாலையிலிருந்து பார்க்கும்போது வானம் தெரிய நிற்கும். இந்த ரத்தன்கட் மலையில்தான் பிரவரா பிறக்கிறது. இவ்வட்டாரம் முழுவதும் 1986-ல் அறிவிக்கப்பட்ட கல்சூபாய்–ஹரிச்சந்திரகட் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் வருகிறது. வனத்துறையின் கட்டணத்தைச் செலுத்திய பிறகே பள்ளத்தாக்குப் பக்கம் போக முடியும்.

சாம்ராத் மகாதேவ் கோலிகளின் ஊர். வடாலாவுக்கு அடுத்த நிலையமான குரு தேக் பகதூர் நகரின் பழைய பெயரே கோலிவாடா என்பதால், கோலி என்றாலே மீனும் படகும்தான் தம்பதியின் மனத்தில். இவர்கள் வேறு. மலைவாழ் பழங்குடியினர். நெல், கேழ்வரகு, சாமை விளைவிப்பவர்கள். காட்டில் கடுக்காய் பொறுக்கி விற்பவர்கள். 1848-ல் ஆங்கிலேயர்கள் தாணே சிறையில் தூக்கிலிட்ட கிளர்ச்சித் தலைவர் ராகோஜி பாங்ரே இந்த அகோலே வட்டாரத்து மகாதேவ் கோலி. ஊரின் பழைய வீடுகளில் சுவர் என்பது கார்வித் தண்டுகளை வரிசையாக நட்டு, சாணமும் மண்ணும் பூசியது. கார்வி நம் குறிஞ்சியின் உறவுக்காரச் செடி. குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்றால் இது எட்டு ஆண்டுக்கு ஒருமுறை. குறிஞ்சித் திணையைப் பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதிப்போட்ட டீச்சர், அந்தக் குடும்பத்துச் செடியைக் கையால் தொட்டது இங்கே ஒரு மாட்டுக்கொட்டகைச் சுவரில்.

வழிகாட்டியாக வந்த ஊர்ப்பையனுக்கு 20 வயதுக்குள்தான் இருக்கும். கயிறு ஒரு தோளில், இரண்டு ஹெல்மெட் மறு கையில். மும்பையிலிருந்து வருபவர்களை அவன் ‘தாதா’, ‘தாய்’ என்று அழைப்பான். இவர்களைப் பார்த்ததும் சற்றுத் தயங்கி, ‘ஆஜோபா’ என்றான். தாத்தா. ‘காகா’ என்று கூப்பிட்டிருக்கலாம் என்பது கணக்குப் பிரிவுக்காரரின் வருத்தம். அந்த வருத்தத்தைப் போக்க வேண்டியோ என்னவோ, பையன் மேற்கே கை காட்டினான். பிளவின் மறுமுனைக்கு அப்பால், நீல நிறத்தில் பிரம்மாண்டமாக உட்கார்ந்திருந்த மலை. அதன் பெயரும் ஆஜோபாதான். சீதை லவ குசர்களுடன் வால்மீகியின் ஆசிரமத்தில் இருந்தது அந்த மலையில் என்றும், பிள்ளைகள் முனிவரைத் தாத்தா என்று அழைத்ததால் மலைக்கே அந்தப் பெயர் வந்தது என்றும் இங்கே நம்புகிறார்கள். ஒரு மலையோடு பங்கு போட்டுக்கொள்ளும் பட்டம் என்று தெரிந்த பிறகு அவர் ஆட்சேபிக்கவில்லை.

இறங்குவதற்கு முன் தம்பதி ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தார்கள். மணி இரண்டு அடிக்கும்போது எங்கே இருந்தாலும் சரி, அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும். மலை ஏறும்போது முதலில் ஏற்றம், களைத்த பிறகு இறக்கம். பள்ளத்தாக்கில் தலைகீழ். தெம்பு இருக்கும்போது இறங்கி, களைத்த பிறகு ஏற வேண்டும். எவ்வளவு தூரம் போனோம் என்பதல்ல, திரும்புவதற்கு எவ்வளவு மூச்சு மிச்சம் இருக்கிறது என்பதே இங்கே கணக்கு. வயதானவர்கள் மட்டுமல்ல, சனி, ஞாயிறுகளில் கும்பலாக வந்து இறங்கும் இளைஞர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு இது. அவர்களிடம் யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் கேட்பதில்லை.

உள்ளே நுழைந்த சில நிமிடங்களில் வெயில் காணாமல் போனது. குளிர்பதனப் பெட்டிக்குள் தலையை விட்டதுபோல் ஒரு குளிர். முதல் நீர்த்தேக்கம் ஜனவரியில் முழங்காலுக்குக் கீழேதான். இரண்டாவது இடுப்புவரை. மழை விட்டதும் வருபவர்களுக்கு நெஞ்சுவரை இருக்கும். இரு பக்கச் சுவரும் ஈரமாக இருப்பதால் பிடித்துக்கொண்டு நகர்வதற்கும் தோது இல்லை. பையன் ஷூக்களைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னான். சார்பிட்ரேட் மாத்திரை வைத்த சின்ன பிளாஸ்டிக் டப்பியை டீச்சர் ஹெல்மெட்டுக்குள் செருகிக்கொண்டார். பனிக்கட்டி போன்ற நீரில் கணவர் கால் வைத்ததும் அவர் பார்த்தது கணவரின் முகத்தை அல்ல, கழுத்துப் பக்கத்தில் சட்டை எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பதை.

தண்ணீரைக் கடந்த பிறகு பாறைகள். மேசை அளவில், ஆட்டோ அளவில், வடாலாவின் ஒற்றை அறைக் குடியிருப்பு அளவில். ஒவ்வொன்றும் மேலிருந்து விழுந்தது என்பதை நினைத்தால் அண்ணாந்து பார்க்காமல் இருக்க முடியாது. ஹெல்மெட் அதற்காகத்தான். விளிம்பில் குரங்குகள் ஓடினால்கூடக் கல் உருளும். பாறைக்குப் பாறை தாவ முடியாதவர்கள் உட்கார்ந்து, கையூன்றி, சறுக்கி இறங்கலாம். நேரம் பிடிக்கும், மானம் கொஞ்சம் போகும், முழங்கால் தப்பும். டீச்சர் பெரும்பகுதி தூரத்தை அப்படித்தான் கடந்தார். மருமகளின் டிராக் பேண்ட்டின் பின்பக்கம் மாலைக்குள் ஜல்லடையாகிவிட்டது.

சுவர்களைக் கவனித்துப் பார்த்தால் இட்லித் தட்டுகளை அடுக்கியதுபோல் படுக்கை படுக்கையாகக் கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு எரிமலைக் குழம்பு. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் முடிந்துபோன காலத்தை ஒட்டி, தரை பிளந்து திரும்பத் திரும்ப வழிந்த குழம்பு ஒன்றன்மேல் ஒன்றாக உறைந்துதான் இன்றைய தக்காணத்தின் மேற்குப் பகுதி உருவானது. எலிஃபண்டா, எல்லோரா குகைகளைக் குடைந்ததும் இதே கருங்கல் குடும்பத்தில்தான். அந்தப் பாறையில் விழுந்த நெடுக்கு விரிசல் ஒன்றை மழைநீர் கண்டுபிடித்து, விடாமல் அறுத்ததன் விளைவு சாந்தண். அறுக்கும் வேலை இன்னும் முடியவில்லை. பக்கத்திலிருக்கும் காட்கர் மாநிலத்தில் மிக அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. ஜூனிலிருந்து செப்டம்பர்வரை இந்தப் பிளவு ஒரு மதகு. மேலே எங்கோ பெய்தாலும் போதும். உள்ளே இருப்பவர்களுக்கு ஒதுங்க இடமே கிடையாது. அந்த மாதங்களில் உள்ளே இறங்க நினைப்பது தற்கொலைக்குச் சமம்.

மழையைப் பற்றி இன்னொரு விஷயம். சஹ்யாத்ரியின் முகடு இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. சாம்ராத்துக்குக் கிழக்கே விழும் துளி பிரவராவில் சேர்ந்து, கோதாவரியில் கலந்து, தீபகற்பத்தைக் குறுக்காகக் கடந்து வங்கக் கடலுக்குப் போகிறது. சில நூறு அடி மேற்கே சாந்தணுக்குள் விழும் துளிக்கு அரபிக் கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

மணி 1.50. சுவர்கள் சற்றே விலகத் தொடங்கின. முன்னால், சிறிது தூரத்தில், பாறைத் தரை சட்டென்று முடிந்து வெளிச்சம் தெரிந்தது. கயிறு கட்டி இறங்குகிறவர்களின் முதல் இறக்கம் அந்த விளிம்பில்தான். அதற்கு மேல் போகிறவர்கள் அடுத்தடுத்துக் கயிற்றில் இறங்கி, அடிவாரத்தில் கூடாரம் போட்டு, மறுநாள் கொங்கணின் தேஹ்ணே கிராமத்துக்கோ, கரோலிக் கணவாய் வழியாக மீண்டும் மேலேயோ போவார்கள். தம்பதிக்கு அந்த ஆசை இல்லை. விளிம்புவரை போய், ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினால் போதும். இடையில் கிடந்தது பெரிய பாறைகளின் ஒரு குவியல், பையனுக்கு ஐந்து நிமிடம்.

அவர்கள் குவியலின் அடிக்கு வந்தபோது டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“என்னங்க, மணி ரெண்டு.”

“இந்தா தெரியுதே. பத்து நிமிஷம்.”

“போறதுக்குப் பத்து. வர்றதுக்கு?”

அவர் பதில் சொல்லவில்லை. பள்ளிக்கூட மணி அடித்த பிறகு பரீட்சைத் தாளைப் பிடுங்கியே பழகிய கை, அவர் தோளில் இருந்தது. சற்று நேரம் இரண்டு பேரும் வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் ஒரு பாறையில் உட்கார்ந்து, ஷூ நாடாவை அவிழ்த்து, மீண்டும் கட்டினார். அவிழ்ந்திருக்கவே இல்லை.

“நீ போயிட்டு வா” என்றார். “ரெண்டு பேரும் பார்க்காமத் திரும்பினா நஷ்டம் ரெட்டை. உன் முட்டிதான் இன்னிக்கு ஒண்ணும் சொல்லலையே.”

போவதா, அவரைத் தனியே விடுவதா என்பதில் டீச்சர் எடுத்துக்கொண்ட நேரம் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்காது. பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு குழுவின் வழிகாட்டி, பக்கத்து வீட்டு அண்ணன், தான் ஆஜோபாவுடன் இருப்பதாகச் சொன்னான். மாத்திரை டப்பியைக் கணவர் கையில் திணித்துவிட்டு, பையன் நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு அவர் ஏறினார். கால் மணி நேரத்தில் திரும்பியும் வந்தார்.

“என்ன தெரிஞ்சுது?”

“ஒண்ணுமில்ல. ஒரே பனி. நிழல்தான். நீங்க வந்திருந்தாலும் இதான்.”

அவர் தலையாட்டினார்.

திரும்பும் வழியைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஏற்றம், ஏற்றம், உட்கார்வது, மறுபடி ஏற்றம். வரும்போது சறுக்கிய பாறைகளில் இப்போது உந்தி ஏற வேண்டியிருந்தது. அவர் ஏழு முறை உட்கார்ந்தார். நாலாவது முறை மூச்சு அடங்க வெகு நேரமானது. டப்பியைத் திறக்கும் அளவுக்குப் போகவில்லை, ஆனால் அது அவர் உள்ளங்கையிலேயே இருந்தது. இடுப்பளவு நீருக்கு வந்து சேர்ந்தபோது மணி நாலரை. சுவர்களின் மேல் விளிம்பில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு மிச்சமிருந்தது; கீழே இருட்டத் தொடங்கிவிட்டது. அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றி அவர் பேச்சு எடுக்கவில்லை.

மேலே, விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, அறுவடையான வயலில் கூடாரங்கள். ஊரில் பல குடும்பங்களுக்கு இதுதான் வயலுக்கு அடுத்த வருமானம். கூடாரம், கம்பளி, சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் ஒரே வீட்டிலிருந்து வரும். அரிசி மாவு பாக்ரி, கடலைமாவில் செய்த பிட்லா, கண்ணில் நீர் வரவழைக்கும் மிளகாய்த் தேச்சா, கடைசியில் சோறும் பருப்பும். இந்த அகோலே வட்டாரத்தைச் சேர்ந்தவர்தான் பாரம்பரிய விதைகளைச் சேகரித்துப் பாதுகாத்ததற்காகப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட கோம்பாள்ணே கிராமத்து ரஹீபாய் போபெரே. பள்ளிக்கூடம் போகாத விவசாயி, மாநிலமெங்கும் ‘விதைத் தாய்’ என்றே பெயர். டீச்சருக்கு அவரைப் பற்றிப் பத்திரிகையில் படித்த நினைவு இருந்தது. பரிமாறிய அம்மாளிடம் தனக்குத் தெரிந்த வடாலா மராத்தியில் விசாரித்தார். பேச்சு விதையிலிருந்து தண்ணீருக்குப் போனது. இவ்வளவு மழை பெய்யும் மலையில், ஏப்ரல், மே மாதங்களில் குடத்தோடு நடக்க வேண்டியிருக்கிறது. பாறை நீரைப் பிடித்துவைப்பதில்லை. தேங்கும் நீர் கீழே சமவெளிக் கரும்புக்குப் போகிறது. வடாலாவில் விடியற்காலையில் குழாயில் வரும் தண்ணீரும் இதே மலைத்தொடரின் மேற்குச் சரிவில் இருக்கும் பாட்சா, வைதர்ணா போன்ற ஏரிகளிலிருந்து வருவதுதான். டீச்சர் தன் தட்டைக் கழுவுவதற்கு அரைக் குவளை நீரோடு நிறுத்திக்கொண்டார்.

மேற்கே அடிவானத்தில் ஒரு மங்கலான வெளிச்சம். பக்கத்து மலையில், காட்கரில், 2008 முதல் இயங்கும் 250 மெகாவாட் நீர்மின் நிலையம் விசித்திரமானது. மும்பையில் ஏசியும் மின்விளக்கும் ஒன்றாக எரியும் நேரத்தில், மலைமேல் அணையிலிருந்து 400 மீட்டருக்கும் மேல் கீழே தண்ணீரை விட்டு மின்சாரம் எடுக்கிறார்கள். ஊர் தூங்கி மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் அதே தண்ணீரைக் கீழிருந்து மேலே ஏற்றிவைக்கிறார்கள். பகலில் இறக்கம், இரவில் ஏற்றம். அன்றைய தம்பதிக்கு இந்தத் தத்துவத்தை விளக்கத் தேவையிருக்கவில்லை. அவருடைய கால் இரண்டுக்கும் டீச்சர் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

நெருப்பைச் சுற்றிப் பேச்சு சிறுத்தைக்குத் திரும்பியது. இந்த வட்டாரத்தில் எப்படியும் திரும்பும். 2009-ல் இதே மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த வயதான ஆண் சிறுத்தை ஒன்றைப் பிடித்து, கழுத்தில் கருவி மாட்டி, தெற்கே மால்ஷேஜ் கணவாயில் விட்டார் சிறுத்தை ஆராய்ச்சியாளர் வித்யா ஆத்ரேயா. சாதுவான முதியவர் என்பதால் அதற்கும் ஆஜோபா என்றே பெயர். அது காட்டிலேயே இருந்துவிடவில்லை. இரவு நேரங்களில் மட்டும் நடந்து, வயல்களையும் நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடந்து, ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய 120 கி.மீ. தாண்டி, மும்பையின் போரிவலி தேசியப் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. வழியில் ஒரு மனிதரைக்கூடத் தொடவில்லை. 2011 டிசம்பரில் சாலையில் வாகனம் மோதி இறந்தது. 2014-ல் அதன் பெயரிலேயே மராத்திப் படம் ஒன்றும் வந்தது.

“அதுக்கு யாரும் ஷீர்டின்னு பொய் சொல்ல வேண்டியிருக்கலை” என்றார் அவர். அன்று மாலைக்குப் பிறகு அவர் பேசிய முதல் வேடிக்கைப் பேச்சு.

சாம்ராத்துக்குக் கூட்டம் சேரும் இன்னொரு பருவம் மே கடைசி, ஜூன் முதல் வாரம். மழைக்குச் சற்று முன் பண்டார்தரா வட்டார மரங்களில் கோடிக்கணக்கில் மின்மினிகள் ஒன்றாக மினுங்கும். மும்பை, நாசிக், புனேயிலிருந்து கார்கள் வரிசை கட்டும். இணையைத் தேடி ஒளிச் சைகை செய்யும் பூச்சியைப் பார்க்க, அதைக் குருடாக்கும் ஹெட்லைட்டோடு வருவதில் இருக்கும் அபத்தம் யாருக்கும் உறைப்பதாகத் தெரியவில்லை. ஜனவரியில் அந்தத் தொல்லை இல்லை. நட்சத்திரம் மட்டும். குளிர் மட்டும். இரண்டு கம்பளிக்குள்ளும் குளிர். இரவு இரண்டு முறை டீச்சர் எழுந்து, டார்ச் போடாமல், அவர் மூக்கருகே கை வைத்துப் பார்த்தார். இரண்டாவது முறை அவர், “இருக்கேன், தூங்கு” என்றார்.

காலையில் ஊருக்கு மேற்கே, மலை திடீரென்று முடியும் விளிம்புக்கு நடந்தார்கள். தட்டையான பாதை, கால் மணி நேரம். வனத்துறையின் அறிவிப்புக்கு உட்பட்டு விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி உட்கார்ந்தார்கள். கிழக்கிலிருந்து வெயில் ஏற ஏற, எதிரே ஆஜோபா மலையின் சுவர் கறுப்பிலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறியது. கீழே, ஆயிரக்கணக்கான அடி கீழே, கொங்கணின் காடும் கட்டம் கட்டமான வயலும் ஓர் ஓடையின் வெள்ளிக் கோடும் பனி விலக ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இடது பக்கம், பாறைகளுக்கு நடுவே, சாந்தணின் வாய் இருட்டாகத் திறந்திருந்தது. அதன் விளிம்பில் நேற்று மனைவி நின்ற இடம் எது என்று அவர் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். அங்கே நிற்பவருக்கு இந்த மலை, இந்தக் காடு, இந்த ஓடை எல்லாம் சுவர்களுக்கு நடுவே சட்டம் போட்ட படமாகத் தெரிந்திருக்கும் என்பதைக் கண்டுபிடிக்கத் துறைமுகக் கணக்கரின் மூளை அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. மதியம் இரண்டு மணிக்குப் பனி ஏது?

“நேத்து நீ பார்த்தது இதைத்தானே?”

டீச்சர் பிளாஸ்கைத் திறந்து, மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார்.

“இதைவிட நல்லாவே தெரிஞ்சுது” என்றார்.

ஜீப் ஒன்பது மணிக்கு. கோட்டியை நெருங்கியதும் இரண்டு கைபேசிகளும் ஒரே நேரத்தில் உயிர் பெற்று அடிக்க ஆரம்பித்தன. மகனிடமிருந்து 11 அழைப்புகள். பிரசாதம் மறக்க வேண்டாம் என்று மருமகளிடமிருந்து ஒரு செய்தி.